முப்பது இடங்களுக்கு ஒரு லட்சம் பார்வைகள்

2024 ஏப்ரல் 22, புவி நாள். வாஷிங்டனிலிருந்து சற்றுத் தள்ளி, வர்ஜீனியா மாநிலத்தில் இருக்கும் பிரின்ஸ் வில்லியம் வனப் பூங்காவுக்கு வந்த அதிபர் ஜோ பைடன், அங்கே ஒரு வேலைவாய்ப்பு இணையதளத்தை அறிவித்தார். ‘அமெரிக்கன் கிளைமேட் கார்ப்ஸ்’ என்ற காலநிலைப் பணிப்படையில் சேர விரும்பும் இளைஞர்கள் அதன் வழியாக விண்ணப்பிக்கலாம். காட்டுத்தீயைத் தடுப்பது, சோலார் அமைப்பது, கரையோரச் சதுப்பு நிலங்களை மீட்பது, வீடுகளில் மின்சாரம் வீணாகாமல் பார்ப்பது என்று பல வகை வேலைகள் இருந்தன. முன்அனுபவம் தேவைப்படாத வேலைகள் ஏராளம்.

இரண்டே நாளில், ஏப்ரல் 24 அன்று, அதே பைடன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். டிக்டாக்கை அதன் சீனத் தாய் நிறுவனம் விற்றுவிட வேண்டும், விற்காவிட்டால் அமெரிக்காவில் அந்தச் செயலிக்கு இடமில்லை என்பது சட்டம். அப்போது அங்கே டிக்டாக் பயன்படுத்தியவர்கள் ஏறக்குறைய 17 கோடிப் பேர். பணிப்படைக்கு எந்த வயதுக்காரர்களைக் கூப்பிட்டார்களோ, அந்த வயதுக்காரர்கள் தினமும் புழங்கிய இடம் அது.

ஒன்பது மாதம் போனது. 2025 ஜனவரி 20, பதவியேற்ற அன்றே டொனால்ட் டிரம்ப் இரண்டிலும் கைவைத்தார். ஓர் உத்தரவு டிக்டாக் தடையை 75 நாள் தள்ளிவைத்தது. இன்னோர் உத்தரவு காலநிலைப் பணிப்படைக்கு முடிவு கட்டியது. செயலி பிழைத்துக்கொண்டது, வேலைத்திட்டம் போய்விட்டது.

பசுமை வேலைகளுக்கு இளைஞர்கள் வரவேண்டுமென்றால் ரீல்ஸ் போடுங்கள், ஷார்ட்ஸ் போடுங்கள் என்று இப்போது எந்த நாட்டுக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். யோசனையில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு நிமிடக் காணொளியால் எது முடியும், எது முடியாது என்று நிதானமாகக் கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு அமெரிக்க அனுபவம் நல்ல பாடம். அதைப் பார்த்துவிட்டு நம் பக்கத்துச் சோலார், காற்றாலை வேலைகளுக்கு வருவோம்.

கோபம் வந்த வழி

பணிப்படை திடீரென்று முளைத்த எண்ணம் இல்லை. 2021 ஜனவரியிலேயே பைடன் இதற்கு ஓர் உத்தரவு போட்டிருந்தார். பெரிய அளவில் பணம் ஒதுக்க நாடாளுமன்றத்தில் முயற்சி நடந்தது, ஆனால் 2022 ஆகஸ்டில் நிறைவேறிய காலநிலைச் சட்டத்தில் பணிப்படை இடம்பெறவில்லை. பேரம் பேசியதில் அது கழிந்துபோனது.

அடுத்த ஆண்டு வந்தது வில்லோ விவகாரம். அலாஸ்காவில் எண்ணெய் எடுக்கும் அந்தத் திட்டத்தை எதிர்த்து 2023 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் டிக்டாக்கில் ‘ஸ்டாப் வில்லோ’ என்ற குறிச்சொல்லோடு காணொளிகள் குவிந்தன. கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டன. வெள்ளை மாளிகைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் போயின. அவற்றையெல்லாம் மீறி மார்ச் 13 அன்று திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. பைடனுக்கு வாக்குப் போட்ட இளைஞர்களுக்கு அது பெரிய ஏமாற்றம். ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 20 அன்று, அதிபரின் சொந்த அதிகாரத்தில் காலநிலைப் பணிப்படை அறிவிக்கப்பட்டது. முதல் ஆண்டில் 20,000 பேரைச் சேர்ப்பதாக இலக்கு.

குறுங்காணொளிக்கு இதில் இரண்டு முகம் இருப்பது தெரிகிறதா? அரசு தன் வேலைத்திட்டத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய இடமும் அதுதான், அரசின் மீது நம்பிக்கை உடைந்த இடமும் அதுதான். நம்பிக்கை உடைந்த இடத்தில் நின்று ‘வாருங்கள், வேலை இருக்கிறது’ என்று கூப்பிடும்போது கேட்பவர் முதலில் சந்தேகப்படுவார். எவ்வளவு நேர்த்தியாகப் படமெடுத்தாலும் அந்தச் சந்தேகம் தீராது.

இன்னொரு சங்கடமும் இருந்தது. அரசுக் கருவிகளில் டிக்டாக் இருக்கக் கூடாது என்று 2022 டிசம்பரில் சட்டம் வந்துவிட்டது. திட்டத்தை நடத்தும் அலுவலர் தன் அலுவலகப் போனில் அந்தச் செயலியைத் திறக்க முடியாது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு முன்பிருந்தே வெள்ளை மாளிகை, காணொளி போட்டுப் பெயர் வாங்கியவர்களைக் கூப்பிட்டு விளக்கம் கொடுத்து அவர்கள் வழியாகப் பேசும் முறையைப் பழகிக்கொண்டது. 2022 மார்ச்சில் உக்ரைன் போர் பற்றி டிக்டாக் படைப்பாளிகளுக்கு அப்படி ஒரு கூட்டம் நடந்தது. 2024 ஆகஸ்டில் இணையப் படைப்பாளிகளுக்கென்றே வெள்ளை மாளிகையில் ஒரு மாநாடு நடத்தினார்கள். 2024இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்குப்படி 30 வயதுக்கு உட்பட்ட அமெரிக்கர்களில் 39 சதவீதம் பேர் டிக்டாக்கில் வாடிக்கையாகச் செய்தி தெரிந்துகொள்கிறார்கள். அந்த இடத்தை விட்டுவிட்டு இளைஞர்களிடம் பேசுவது எந்த அரசுக்கும் கஷ்டம்தான்.

ஆர்வத்துக்குக் குறைவே இருக்கவில்லை

இனி எண்களைப் பாருங்கள். அறிவிப்பு வந்த முதல் சில வாரங்களுக்குள்ளேயே 42,000க்கும் மேற்பட்டோர் ‘எனக்கு ஆர்வம் உண்டு’ என்று பதிவு செய்தார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் 18 முதல் 35 வயதுக்குள் இருந்தவர்கள். ஆனால் விண்ணப்பத் தளம் திறந்தது ஏழு மாதம் கழித்து. திறந்த அன்று அதில் இருந்தவை 36 மாநிலங்களில் ஏறக்குறைய 2,000 பணியிடங்கள்.

42,000 பேர் ஒரு பக்கம், 2,000 இடங்கள் மறுபக்கம், நடுவில் ஏழு மாதக் காத்திருப்பு. அப்புறம் இடங்கள் கூடின. 2024 ஜூனில் முதல் அணியாக ஏறக்குறைய 9,000 பேர் உறுதிமொழி எடுத்தார்கள், செப்டம்பருக்குள் 15,000ஐத் தாண்டியது. குறை சொல்லும்படியான எண்ணிக்கை இல்லை. ஆனால் அந்த இடங்களில் பல, மாநிலங்களும் தொண்டு நிறுவனங்களும் முன்பிருந்தே நடத்திவந்த பணிகள். பணிப்படை என்பது அவற்றுக்கெல்லாம் மேலே போர்த்திய ஒரு பொதுப் பெயர். உதவித்தொகை வாழ்க்கைச் செலவுக்கே போதாது என்ற விமர்சனமும் தொடர்ந்து இருந்தது.

இந்த இடத்தில்தான் நான் சொல்ல நினைப்பது இருக்கிறது. குறுங்காணொளி தீர்க்கக்கூடிய பிரச்சினை ‘இப்படி ஒன்று இருப்பதே தெரியாது’ என்பது. அமெரிக்காவில் அந்தப் பிரச்சினை முதல் மாதத்திலேயே தீர்ந்துவிட்டது. மிச்சம் இருந்தவை வேறு: இடம் இருக்கிறதா, எவ்வளவு தருவார்கள், எங்கே தங்குவது, பணிக்காலம் முடிந்த பிறகு என்ன? இந்தக் கேள்விகளுக்கு விடை வைத்திராத திட்டம் எத்தனை காணொளி போட்டாலும், கூட்டம் கூட்டமாக ஆட்களை வரவழைத்துப் பூட்டிய கதவின் முன் நிற்க வைப்பதாகத்தான் முடியும்.

பைடன் பேசிய அந்தப் பூங்காவுக்கே இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. அங்கிருக்கும் மரக் குடில்கள் 1930களில் ரூஸ்வெல்ட் தொடங்கிய சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் இளைஞர்கள் கட்டியவை. பொருளாதாரப் பெருமந்த காலத்தில் வேலையில்லாமல் நின்ற இளைஞர்களைக் காடு வளர்க்கவும் மண் அரிப்பைத் தடுக்கவும் பாதை போடவும் அனுப்பிய படை அது. 1933 மார்ச் 31 அன்று சட்டம், ஏப்ரலில் முதல் முகாம், ஜூலை தொடக்கத்துக்குள் இரண்டரை லட்சம் பேருக்கு மேல் முகாம்களில் இருந்தார்கள். 1942இல் கலைக்கப்படும்வரை ஏறக்குறைய 30 லட்சம் பேர் அதில் வேலை செய்தார்கள், 300 கோடிக்கு மேல் மரம் நட்டார்கள்.

மூன்று மாதத்தில் இரண்டரை லட்சம் பேர் எப்படிச் சேர்ந்தார்கள்? ஆள் சேர்ப்பு நடந்தது உள்ளூர் நிவாரண அலுவலகங்கள் வழியாக. எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அந்த அலுவலகங்களுக்கு ஏற்கனவே தெரியும். சம்பளம் மாதம் 30 டாலர், அதில் 25 டாலர் நேராகக் குடும்பத்துக்குப் போகும். ஒரு தெருவில் ஒரு பையன் போனால், அடுத்த மாதம் அவன் வீட்டுக்குப் பணம் வந்தது தெருவுக்கே தெரிந்துவிடும். அதைவிடத் தெளிவான விளம்பரத்தை யாராலும் எடுக்க முடியாது. (கறுப்பின இளைஞர்களைத் தனி முகாம்களில் வைத்ததும், பெண்களைச் சேர்க்காமல் விட்டதும் அந்தப் படையின் பெரிய குறைகள். அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.)

விரல் தள்ளும் வேகத்தில்

சரி, குறுங்காணொளி எப்படி வேலை செய்கிறது? பழைய யூடியூப் பழக்கத்தில், ஆர்வம் உள்ளவர் தேடி வந்து பார்ப்பார். ஷார்ட்ஸ், ரீல்ஸில் யாரும் எதையும் தேடுவதில்லை, செயலியே எடுத்து நீட்டுகிறது. நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா, இரண்டு நொடியில் தள்ளிவிட்டீர்களா, திரும்பப் பார்த்தீர்களா, யாருக்காவது அனுப்பினீர்களா என்பதை வைத்து அடுத்து யாருக்குக் காட்டலாம் என்று அது முடிவு செய்கிறது. பின்தொடர்பவர்கள் நூறு பேர்கூட இல்லாத ஒரு பயிற்சி மையத்தின் காணொளியும் லட்சம் பேருக்குப் போகலாம். ஏழை மையத்துக்கு இது நிஜமாகவே ஒரு வாய்ப்பு.

கெடுதலும் அங்கேயே இருக்கிறது. செயலிக்குத் தெரிந்தது ‘யார் நின்று பார்ப்பார்’ என்பது. ‘யார் விண்ணப்பிக்கத் தகுந்தவர்’ என்பது அதற்குத் தெரியாது. திருநெல்வேலியில் நடக்கும் பயிற்சிக்குப் போட்ட காணொளியை மலேசியாவில் ஒருவர் பார்ப்பார், சென்னையில் மென்பொருள் வேலையில் இருப்பவர் பார்த்து இதயம் போடுவார், கயத்தாறில் ஐடிஐ முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பையனுக்குப் போகாமலே விடலாம்.

அடுத்த தடை பலருக்குத் தெரியாது. ஷார்ட்ஸ் காணொளியின் விவரத்திலும் கமெண்டிலும் போடும் இணைப்புகளை யூடியூப் 2023 ஆகஸ்ட் 31 முதல் சொடுக்க முடியாதபடி ஆக்கிவிட்டது. மோசடி இணைப்புகள் பெருகியதுதான் காரணம். இன்ஸ்டாகிராமிலும் படத்தின் கீழே எழுதும் இணைப்பு வெறும் எழுத்துதான், ‘பயோவில் பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அதாவது பார்ப்பவர் காணொளியை விட்டு வெளியே வந்து, பக்கத்துக்குள் போய், இணைப்பைத் தேடி, ஒரு அரசுத் தளத்தில் நுழைந்து, ஆதார் எண் கொடுத்து, கடவுச்சொல் வாங்கிப் பதிய வேண்டும். ஒவ்வொரு படியிலும் ஆள் உதிர்வார்கள். லட்சம் பார்வை என்று அறிக்கையில் எழுதுகிறவர், கடைசிப் படியில் எத்தனை பேர் நின்றார்கள் என்பதையும் எழுதினால்தான் காணொளி பலித்ததா என்று தெரியும்.

நம் பக்கம்

இந்தியாவில் 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டது. அப்போது இங்கே அதற்கு ஏறக்குறைய 20 கோடிப் பயனர்கள், அவர்களில் கிராமத்து இளைஞர்கள் மிக அதிகம். அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கே வந்தது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸை முதன்முதலாக இந்தியாவில்தான் சோதித்துப் பார்த்தார்கள். கூட்டம் இடம் மாறியது, பழக்கம் மாறவில்லை.

வேலைப் பக்கம் பார்த்தால், சோலாருக்கு ‘சூர்யமித்ரா’ என்ற பயிற்சி 2015 முதல் நடந்துவருகிறது. மத்தியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் அமைச்சகத்துக்காகத் தேசிய சூரிய ஆற்றல் நிறுவனம் நடத்துவது. 600 மணி நேரம், ஏறக்குறைய மூன்று மாதம், தங்கிப் படிக்க வேண்டும், கட்டணம் இல்லை. எலக்ட்ரீஷியன், வயர்மேன், ஃபிட்டர் மாதிரியான ஐடிஐ படிப்பு முடித்தவர்களுக்கானது. காற்றாலைக்கு ‘வாயுமித்ரா’ என்று தனியே ஒன்று இருக்கிறது, சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனம் பார்த்துக்கொள்வது. 2024 பிப்ரவரியில் வந்த ‘பிரதமர் சூரிய வீடு’ திட்டம் ஒரு கோடி வீட்டுக் கூரைகளில் பேனல் வைக்க 75,021 கோடி ரூபாய் ஒதுக்கியது. மூன்று கிலோவாட்டோ அதற்கு மேலோ வைப்பவருக்கு 78,000 ரூபாய் மானியம். இதனால் 17 லட்சம் நேரடி வேலைகள் வரும் என்பது அரசின் மதிப்பீடு.

இதில் ஒரு எண்ணை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சூர்யமித்ரா பயிற்சி பெற்றவர்கள் 50,000க்கும் மேல். வேலை கிடைத்ததாகக் கணக்கில் இருப்பவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர். மீதிப் பாதிப் பேரும் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தம்பிகள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். ‘அண்ணே, அந்த சோலார் கோர்ஸ் எப்படி?’ என்று கேட்டால் அவர் சொல்லும் ஒரு வரி, எந்த ரீலையும்விட அந்தத் தெருவில் வலுவானது. ஆள் சேர்ப்புக்குப் பணம் செலவழிக்கும் முன், வேலை கிடைக்காமல் போன அந்தப் பாதிப் பேருக்கு என்ன ஆயிற்று என்று விசாரிக்கப் பணம் செலவழிக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அப்புறம் இடக் கணக்கு. சூர்யமித்ராவில் ஒரு பேட்ச் என்றால் முப்பது பேர். முப்பது இடங்களை நிரப்ப ஒரு லட்சம் பார்வைகள் தேவையா? சுற்றுவட்டாரத்து நாலு ஐடிஐகளின் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு நிமிடக் காணொளி போனால் போதும். லட்சம் பேர் பார்த்து இரண்டாயிரம் பேர் விண்ணப்பித்தால், 1,970 பேருக்கு ‘இல்லை’ என்று சொல்ல வேண்டும். பெரும்பாலும் அந்த ‘இல்லை’யைக்கூட யாரும் சொல்வதில்லை, பதில் வராமலே போய்விடுகிறது. அடுத்த முறை நல்ல திட்டம் வந்தாலும் அந்த 1,970 பேர் விரலால் தள்ளிவிட்டுப் போவார்கள்.

சொல்லும் முக்கியம். ‘பசுமை வேலை’ என்று யாரும் தேடுவதில்லை, யாரும் வீட்டில் அப்படிச் சொல்வதும் இல்லை. ஆரல்வாய்மொழியிலும் உடுமலைப்பேட்டையிலும் அது காத்தாடி வேலை. மற்ற ஊர்களில் சோலார் வேலை, பேனல் மாட்டுற வேலை. பசுமை என்பது திட்ட அறிக்கையில் இருக்கட்டும். காணொளியில் முதல் இரண்டு நொடியில் வரும் எழுத்து ‘ஐடிஐ எலக்ட்ரீஷியன் முடித்தவரா?’ என்று இருந்தால், யாருக்கானதோ அவர் நிற்பார், மற்றவர்கள் போய்விடுவார்கள். மற்றவர்கள் போவது நல்லதும்கூட, ஏனென்றால் நின்று பார்த்தவர் யார் என்பதை வைத்துத்தான் செயலி அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கிறது.

காத்தாடியின் உச்சியிலிருந்து

காற்றாலை வேலையைப் பற்றிப் பேசாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது, ஏனென்றால் குறுங்காணொளிக்கென்றே செய்ததுபோன்ற வேலை அது. முப்பந்தலில், கயத்தாறில், பல்லடத்துப் பக்கம் காற்றாலைகள் 1980களின் பிற்பகுதியிலிருந்து வளர்ந்து, இன்று தமிழ்நாட்டின் காற்றாற்றல் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டி நிற்கிறது. பழைய காற்றாடிகள் உயரம் குறைவு. புதியவற்றின் கோபுரம் நூறு மீட்டருக்கும் மேலே போகும். உச்சியில் இருக்கும் பெட்டிக்குள்ளிருந்து மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினால் கீழே மலைத்தொடரும் வயல்களும் சின்னதாகத் தெரியும். அங்கிருந்து டெக்னீஷியன்கள் எடுத்துப் போடும் காணொளிகள் உலகம் முழுக்கப் பரவுகின்றன. யாரும் சொல்லிக்கொடுத்து எடுத்தவை இல்லை, வேலை செய்பவர் தன் பெருமைக்காக எடுத்தவை. அதனால்தான் அவற்றை நின்று பார்க்கிறோம்.

அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் உச்சிக் காட்சி மட்டும் போனால் அது பாதி உண்மை. ஏறுவதற்கு முன் பெல்ட்டைச் சரிபார்ப்பது, கொக்கி மாற்றி மாற்றி ஏறுவது, இயந்திரத்தைப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே கைவைக்க வேண்டும் என்ற விதி, உயரத்தில் மயங்கியவரைக் கயிற்றில் இறக்கும் பயிற்சி ஆகியவையும் வேலைதான். உலகக் காற்றாலைத் துறை ஏற்றுக்கொண்ட ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியில் உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, சுமை கையாளுதல் எல்லாம் அடக்கம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் சீசனில் ஒரு இயந்திரம் நின்றால் உற்பத்தி போய்விடும் என்பதால் நேரம் காலம் பார்க்காமல் ஓட வேண்டும். பெரிய பராமரிப்பு வேலைகள் காற்றுக் குறைந்த மாதங்களில் நடக்கும். இதையும் காட்டினால் சிலர் விலகுவார்கள். விலகட்டும். பயிற்சியின் இரண்டாம் வாரத்தில் ஏணியில் பாதி ஏறி உயரப் பயத்தில் நிற்பதைவிட, காணொளி பார்த்தபோதே ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று முடிவு செய்வது அந்தப் பையனுக்கு நல்லது. அவனுடைய இடம் இன்னொருவருக்குப் போகும்.

சோலாரிலும் அப்படித்தான். மே மாத வெயிலில் தளத்தின் மேல் நின்று இரும்புச் சட்டம் மாட்டும் வேலை அது. வெயில் பட்டுக்கொண்டிருக்கும்வரை பேனலில் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும், வீட்டு மெயினை அணைத்துவிட்டால் அது நிற்காது. டிசி கேபிளைத் தவறாகக் கையாண்டால் உயிருக்கே ஆபத்து. இதை முப்பது நொடியில் ஒரு அனுபவசாலி சொல்லிக் காட்டினால், பார்க்கும் இளைஞனுக்கு இது கூலி வேலை மட்டும் இல்லை, கற்க வேண்டிய தொழில் என்பதும் புரிந்துவிடும். மரியாதை தரும் காணொளி அதுதான். பச்சைப் புல்வெளி, டிரோன் காட்சி, பின்னணி இசை, ‘எதிர்காலம் உங்கள் கையில்’ என்ற வாசகம் இவற்றால் அந்த மரியாதை வராது.

பெண்கள் விஷயத்தில் காணொளியால் கூடுதலாக ஒன்று செய்ய முடியும். திருநெல்வேலி கங்கைகொண்டானில் டாடா பவரின் சோலார் செல், மாட்யூல் தொழிற்சாலை இருக்கிறது, ஆண்டுக்கு 4.3 கிகாவாட் திறன் கொண்டது. அங்கே வேலை செய்பவர்களில் பெண்கள்தான் பெரும்பான்மை. வெள்ளைக் கோட்டும் தலையுறையும் அணிந்து இயந்திரத்தை இயக்கும் ஒரு பெண்ணைப் பார்ப்பது இன்னொரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் முடிவெடுக்கும் அம்மாவுக்கு அது போதாது. ஷிப்ட் எத்தனை மணிக்கு முடியும், பஸ் வீட்டுக்குப் பக்கம் வருமா, ஹாஸ்டல் எப்படி, இரவு ஷிப்ட் உண்டா என்று அவர் கேட்பார். பெண்களுக்கு வேலை தரும் எந்தத் தொழிற்சாலையும் இதற்கென்றே ஒரு காணொளி எடுக்கலாம். அந்தப் பெண் அதைத் தன் அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவாள். முடிவு நடப்பது அந்தச் சின்னத் திரையில்.

கமெண்ட் பகுதி

சோலார் பயிற்சி, காற்றாலை வேலை பற்றித் தமிழில் வரும் காணொளிகளின் கீழே போய்ப் பாருங்கள். ‘சம்பளம் எவ்வளவு ப்ரோ?’ ‘டிப்ளமோ முடிச்சவங்க வரலாமா?’ ‘வயசு 29, ஓகேவா?’ ‘நம்பர் அனுப்புங்க.’ வரிசையாக இதே கேள்விகள்தான். பதில் பெரும்பாலும் இருக்காது.

அந்த வெற்றிடம் சும்மா கிடப்பதில்லை. ‘வேலை உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் கட்டுங்கள்’ என்று ஒரு எண் அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். விவசாயிகளுக்கான பிஎம் குசும் சோலார் பம்ப் திட்டத்தின் பெயரில் போலி இணையதளங்கள் பணம் பிடுங்கியதால், மத்திய அமைச்சகம் பல முறை எச்சரிக்கை அறிவிப்பு வெளியிட வேண்டிவந்தது. வேலை தேடுபவர் விவசாயியைவிட அவசரத்தில் இருப்பவர். கட்டணமில்லாத பயிற்சிக்கு ஐயாயிரம் ரூபாய் கட்டி ஏமாந்த ஒரு பையன், அடுத்த பத்து வருடம் அரசுப் பயிற்சி என்றாலே ஒதுங்கிப்போவான். ‘இந்தப் பயிற்சிக்குக் கட்டணம் கிடையாது, யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள்’ என்ற ஒரு வரி ஒவ்வொரு காணொளியிலும் திரையில் நிற்க வேண்டும்.

சம்பளத்தைச் சொல்லத் தயங்குவது இன்னொரு வழக்கம். ‘கவர்ச்சியான ஊதியம்’ என்று போட்டால் எவ்வளவோ என்று நினைத்து வருவார்கள் என்று ஒரு நினைப்பு. வந்தவர் முதல் மாதச் சம்பளத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். தொடக்கச் சம்பளம் குறைவாக இருந்தால் குறைவு என்றே சொல்லலாம். இரண்டு வருடம் கழித்து எவ்வளவு வருகிறது, சொந்தமாக ஒப்பந்தம் எடுத்துச் செய்பவர் எவ்வளவு பார்க்கிறார் என்று முன்பு படித்துப்போன ஒருவரே வந்து எண்ணோடு சொன்னால் போதும். 1933இல் அந்த 25 டாலர் செய்தது இதைத்தான். எண் வெளிப்படையாக இருந்தது, எல்லாருக்கும் தெரிந்தது, சொன்னபடி வந்தது.

காணொளி எப்போது வரவேண்டும் என்பதும் முன்கூட்டியே யோசிக்க வேண்டியது. பேட்ச் தொடங்கும் தேதி முடிவாகி, இடம் திறந்திருக்கும் அந்த மூன்று நான்கு வாரத்தில் போட வேண்டும். இடம் நிரம்பியதும் முதல் கமெண்டாக ‘இந்த பேட்ச் நிரம்பிவிட்டது, அடுத்தது இந்த மாதம்’ என்று எழுதி மேலே குத்திவைக்க வேண்டும். காணொளி இணையத்தில் ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும் என்பதால், பேட்ச் முடிந்த பிறகும் யாரோ ஒருவர் அதைப் புதிதாகப் பார்த்து நம்பிக்கையோடு போன் செய்வார்.

அந்தப் போனை யார் எடுப்பது? பயிற்சி மையங்களில் இதற்கென்று ஆள் கிடையாது. ஆசிரியர் வகுப்பில் இருப்பார், அலுவலர் பில் எழுதிக்கொண்டிருப்பார். என்னிடம் ஒரு மையத்தின் விளம்பரப் பணத்தைக் கொடுத்தால், பாதியைக்கூடப் படப்பிடிப்புக்குச் செலவழிக்க மாட்டேன். போன பேட்ச்சில் படித்து இப்போது வேலையில் இருக்கும் ஒருவரிடம் நாலு காணொளி அவர் போனிலேயே எடுத்துத் தரச் சொல்வேன். மீதிப் பணத்தில், அதே பேட்ச்சில் படித்து இன்னும் வேலை கிடைக்காத ஒருவரை மூன்று மாதச் சம்பளத்துக்கு வைத்து, காலை பத்து முதல் மாலை ஆறு வரை கமெண்டுகளுக்கும் போன்களுக்கும் பதில் சொல்லச் சொல்வேன். ‘உங்களுக்கு வேலை கிடைத்ததா அண்ணே?’ என்று அவரிடம் கேட்பார்கள். அதற்கும் உள்ளபடியே பதில் சொல்லச் சொல்வேன்.